மூச்சுக் கொடுக்கக் கற்றுத்தந்த லூசியம்மாளுக்கு

பாகூர் கொம்யூன் மண்ணில் பிறந்த பிள்ளைகளைப் பத்திரமாய்ப் பூமிக்கு இறக்கிவைத்த புண்ணியவதியே! கரும்புக்கும் கழனிக்கும் நடுவே, கடலுக்கும் ஏரிக்கும் இடையே, கையில் பெட்டியும் காலில் புழுதியுமாய்க் காலமெல்லாம் நடந்த கடமைச் செல்வியே! ஊசி என்றதும் ஓட்டமெடுத்த ஊரை உருட்டி, மிரட்டி, உட்காரவைத்த உறுதியே! பிரெஞ்சுக் கொடி இறங்கும் முன்பே பணியேற்று, பேதி வந்த தெருவிலும் பெருவெள்ளம் வந்த தெருவிலும் முன்னே நின்ற எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூத்தவரே, செல்வி லூசியம்மாள் அவர்களே! தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில், உடன் உழைத்த நாங்கள் உள்ளம் கனக்க வாசித்தளிக்கும் பாராட்டு மடல் இது!

அலங்காரம் இத்துடன் முடிந்தது. இவ்வளவுக்குத்தான் நர்சம்மா எங்களுக்கு அனுமதி கொடுத்தார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கம்பவுண்டர் சிவப்பிரகாசம் முதலில் எழுதியது வேறு மடல். அதில் வரிக்கு வரி மோனை துள்ளியது. கருணைக் கடல், அன்பின் ஆலமரம், தியாகத்தின் திருவுருவம் எல்லாம் இருந்தன. எழுதியதும் சும்மா இருக்காமல் நர்சம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார்.

“கடல்ல வுழுந்தவனுக்கு மூச்சு குடுக்கறது என் வேல. என்னையே கடல்னு எழுதி வச்சிருக்கியே, இன்னா சிவப்பிரகாசம் இது?” என்றார். கம்பவுண்டர் அசடு வழிந்தார். அடுத்து நர்சம்மா கேட்டது யாரும் எதிர்பாராதது.

“அந்தக் கரும்புக்கொல்ல விசயம் இதுல எங்க?”

“அம்மா, பாராட்டு மடல்ல போயி அதையெல்லாம்…”

“அது இல்லாத மடல நான் வாங்க மாட்டேன். மாலையும் வேணாம், கண்ணாடிச் சட்டமும் வேணாம். அத எழுது. எழுதிட்டு, என்னப் பாத்து வாசிக்காத, ஊரப் பாத்து வாசி. எல்லாரும் ஒண்ணா வந்து உக்காந்திருப்பாங்க. ஒருக்கா ஞாபகப்படுத்தினாப்புல இருக்கும்.”

தன் பிரிவு உபசார விழாவையே பாடம் நடத்தும் வகுப்பாக்கிவிட்டார். பிடித்தால் பிடித்ததுதான். அவரோடு வாதாடி ஜெயித்தவர் இந்தக் கொம்யூனின் எந்த ஊரிலும் இல்லை. ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, நாங்கள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உங்களைப் பார்த்து வாசிக்கிறோம். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். அது அவருடைய உத்தரவு.

லூசியம்மாள் வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு மாதா கோயில்பற்று ஊரில் பிறந்தவர். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பி யாகப்பனை வளர்த்துப் படிக்கவைத்தார். பிறகு டவுனில் நர்ஸ் பயிற்சி, அதன்பின் இந்த ஊர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “ஊருல உள்ள வூட்டுக்கெல்லாம் புள்ளப் பாக்கப் போனதுல, எனக்கு ஒரு வூடு பாக்க மறந்துட்டேன்” என்பார். சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். சிரித்து ஓய்ந்த பிறகு அந்த அறையில் இருக்கும் அமைதி எங்களில் ஒருவருக்கும் பிடிக்காது.

நிலையத்தின் பின்னால் இருக்கும் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ்தான் அவர் குடியிருப்பு. சாயங்காலம் நாங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது கேட்டைச் சாத்துவது அவர்தான். “பாத்துப் போங்கப்பா” என்பார். பிரசவம் ஏதும் வராவிட்டால், அந்த வார்த்தைக்குப் பிறகு மறுநாள் காலை நாங்கள் திரும்பி வரும்வரை அவர் ஒரு மனிதரோடும் பேசியிருக்க மாட்டார். இது எங்களுக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது. உறைத்த பிறகும் நாங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டுதான் இருந்தோம்.

ஆனால் அவர் எப்போதும் இப்படித் தனியாக இருந்தவர் இல்லை. அதைச் சொல்லத்தான் அந்தக் கரும்புக்கொல்லைக் கதைக்கு வர வேண்டும். அதற்கும் முன்னால் மூச்சின் கதையைச் சொல்ல வேண்டும்.

நர்சம்மா படித்த காலத்தில், மூச்சு நின்றவனுக்குச் செய்யச் சொல்லிக்கொடுத்தது கைவழி. ஆளைக் குப்புறப் போட வேண்டும். தலைமாட்டில் முட்டி போட்டு, முதுகை அழுத்தி, பிறகு அவன் முழங்கைகளைப் பிடித்துத் தூக்க வேண்டும். அழுத்தித் தூக்கி, அழுத்தித் தூக்கி, மூச்சு வரும்வரை விடக் கூடாது. இதை அவர் இங்கே வந்த நாள்முதல் கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் சொல்லிக்கொடுத்து வந்தார். பிறகு அறுபதுகளின் நடுவில் டாக்டர் பச்சையப்பன் இங்கே மாற்றலாகி வந்தார். அவர் கொண்டுவந்தது புது வழி. மல்லாக்கப் போட்டு வாயோடு வாய் வைத்து ஊதுவது, துடிப்பு இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்துவது. நர்சம்மா அதையும் கற்றுக்கொண்டு, ஊரில் இரண்டையும் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது பனித்திட்டு மீனவர் குப்பத்தில் ஒரு கட்டுமரம் கவிழ்ந்தது. கரைக்கு இழுத்துப் போட்டவன் கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பையன். தடுப்பூசி போட அந்தக் குப்பத்துக்குப் போயிருந்த நர்சம்மா, சத்தம் கேட்டு மணலில் ஓடினார். அங்கே ஆளுக்கொரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கு என்றார் ஒருவர். சுடுமணலில் புரட்டு என்றார் இன்னொருவர். நர்சம்மா பாடத்தைக் கேட்டிருந்தவர்களோ இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி குப்புறப் போட, மறு கட்சி மல்லாக்கத் திருப்ப, பையன் புரண்டுகொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எல்லோருமாகக் கேட்டார்கள்.

“நர்சம்மா, நீயே ரெண்டு வழி சொன்ன. இதுல இன்னாத்தச் செய்றது?”

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மண்டியிட்டபோது காலம் கடந்திருந்தது. வெகுநேரம் ஊதினார். பலனில்லை.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னார்: “ரெண்டு வழி தெரிஞ்சவன் நின்னு யோசிக்கிறான் டாக்டர். ஒரு வழி தெரிஞ்சவன் குனிஞ்சு ஊதுவான். இனிமே ஒண்ணுதான் சொல்லிக் குடுக்கப் போறேன்.” டாக்டரும் யோசித்துப் பார்த்து, அதுதான் சரி என்றார்.

அன்றிலிருந்து கைவழியை மறந்துவிடுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். ஒரு பழைய திண்டை எடுத்துத் துணியால் தலை வைத்துத் தைத்துக்கொண்டார். அதுதான் நோயாளி. “மல்லாக்கப் படுக்க வை. தலையப் பின்னால சாய். மூக்கப் புடி. வாயோட வாய் வச்சு ஊது. துடிப்பு இல்லன்னா நெஞ்ச அமுக்கு. வேற எதையும் யோசிக்காத.” இதைச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஊதுவதற்கு ஊர் லேசில் சம்மதிக்கவில்லை. ஆம்பிளை வாயில் ஆம்பிளையா என்றார்கள். எச்சில் என்றார்கள். எந்தத் தெரு ஆளோ, எந்தச் சாதியோ என்று வாய்க்குள்ளேயே முனகினார்கள். “எச்சி பட்டா கழுவிக்கலாம். உசுரு போனா எதப் போட்டுக் கழுவுவ?” என்று நர்சம்மா அதட்டியதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் திண்டின் பக்கம் மட்டும் ஒருவரும் வரவில்லை.

முதலில் எழுந்து வந்தவர் ஆண்டாள். அடுத்த தெருவில் கரும்பு பயிரிடும் சிங்காரவேலுவின் மனைவி. அப்போது புது மருமகள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, திண்டை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாக்கா இது? கட்டுனவருக்கே பட்டப்பகல்ல குடுத்தது இல்ல. தலாணிக்குக் குடுக்கச் சொல்றியே.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நர்சம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆண்டாள் குனிந்து ஊதினார். பொம்மையின் பஞ்சு வாய்க்குள் போய் இருமினார், மறுபடி ஊதினார். அதற்குப் பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். இந்த ஊர் ஊதக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

லூசியம்மாளுக்கு ஒரு வீடு கிடைத்ததும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், குவார்ட்டர்ஸுக்குப் போகாமல் நேராக ஆண்டாள் வீட்டுக்குத்தான் போவார். கருவாட்டுக் குழம்பு இருக்கும், அரட்டை இருக்கும். சிங்காரவேலு வாசலில் உட்கார்ந்து, “நர்சம்மா வந்தா எனக்கு ரெண்டாம் பந்திதான்” என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே கரும்பு வெட்டித் தருவார். திங்கட்கிழமை நர்சம்மா முகத்தைப் பார்த்தாலே முதல் நாள் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அந்த வருஷங்களில் ஒரே வழி நன்றாகவே வேலை செய்தது. வாய்க்காலில் விழுந்த பெண் குழந்தையை அவள் அத்தை ஊதி எழுப்பினார். மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து விழுந்த மனிதரைக் கட்டையால் தள்ளிவிட்டு, அவரோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பங்காளியே ஊதினார். பிழைத்தவர் கண் திறந்ததும், “நீயாடா?” என்றாராம். கொம்யூன் முழுக்க நர்சம்மா பேர்தான். அவரும் மனுஷிதானே, கொஞ்சம் பெருமைப்பட்டார்.

பிறகு எழுபதுகளின் தொடக்கம். புது ரக நெல்லும் கரும்பும் வந்தன. கூடவே டப்பாக்களில் பூச்சிமருந்தும் வந்தது. முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். கலக்கிய மருந்தில் கசடு இருந்தால் பீச்சுகிற குழாயின் முனை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. முனையைக் கழற்றி, வாயில் வைத்து ஊதுவார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்ப்பதுபோல, அது அவ்வளவு இயல்பாகக் கைக்கு வந்துவிட்டிருந்தது.

சிங்காரவேலு அன்று காலையிலிருந்து திரும்பத் திரும்ப அப்படி ஊதியிருக்கிறார். ஆண்டாள் கூழ் கொண்டுபோனபோது அவர் கரும்புக்கொல்லை வரப்பில் கிடந்தார். வாயில் நுரை. மூச்சு இல்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆண்டாள் கத்திக்கொண்டு நிற்கவில்லை, யோசிக்கவும் இல்லை. மல்லாக்கத் திருப்பினார், தலையைச் சாய்த்தார், மூக்கைப் பிடித்தார், ஊதினார். கற்றுக்கொண்டதை ஓர் எழுத்து பிசகாமல் செய்தார். அடுத்த கொல்லைக்காரர்கள் பார்த்து ஓடிவந்தபோது புருஷன் மேலேயே அவரும் சாய்ந்து கிடந்தார். வேர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் வழிந்தது, கண் தெரியவில்லை என்றார்.

நர்சம்மா கொல்லைக்குப் போனதும் மூக்கில் முதலில் அடித்தது மருந்து வாடை. அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். சிங்காரவேலு அடங்கிவிட்டிருந்தார். ஆண்டாளை வேனில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நர்சம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். ஆண்டாளுக்குத் தெளிந்து, கண் திறக்கப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டார். அந்தக் கண்ணைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

நிலையத்துக்குத் திரும்பி வந்தவரிடம் டாக்டர் பச்சையப்பன் மெதுவாகப் பேசினார். நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

“வாயில விஷம் இருக்கறவங்களுக்கு வாய் வச்சு ஊதக் கூடாதும்மா. ஊதறவங்களுக்கும் ஏறிடும். அதுக்கு அந்தப் பழைய முறைதான் நல்லது. மொகம் கீழ இருக்கும், வாயில இருக்கறதும் வழிஞ்சிடும்.”

“குப்புறப் போட்டுக் கையத் தூக்கறதா?”

“ஆமா.”

“அது எனக்கு நல்லாத் தெரியுமே டாக்டர். அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். நான்தான மறக்கச் சொன்னேன்.”

“நானும்தாம்மா சொன்னேன். இத நாம யாரும் யோசிக்கல. அதோட, அவரு உள்ள போன மருந்துக்கு எந்த முறையிலயும் பொழச்சிருக்க மாட்டாரு. ஆண்டாள் வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கும்.”

டாக்டர் கடைசியாகச் சொன்னது அவர் காதில் ஏறியதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறு வாரமே திண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தத் தடவை கூட்டம் கூட்டவில்லை, வீடு வீடாகப் போனார். “மொதல்ல இன்னா ஆச்சுன்னு கேளு. அப்பறம் மோந்து பாரு. மருந்து வாடை அடிச்சா வாய் வைக்காத. சட்டையக் கழட்டு, மொகத்தக் கழுவு, குப்புறப் போடு, முதுக அமுக்கி, கையத் தூக்கு. தண்ணிக்கும் கரண்ட்டுக்கும் வாய், மருந்துக்குக் கை. அடைச்ச கொழாய வாயில வைக்கவே வைக்காத.” இதைத்தான் இன்று ஒருமுறை ஞாபகப்படுத்தச் சொன்னார். ஞாபகப்படுத்திவிட்டோம். பந்தலில் இருக்கிற பிள்ளைகளுக்கும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுங்கள்.

“நீதானம்மா ஒரே வழின்ன?” என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். “நான் சொன்னது தப்பு” என்று வாசலுக்கு வாசல் சொன்னார். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்குப் பின்னும் கேட்கவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

எல்லா வீட்டுக்கும் போனவர் ஒரு வீட்டுக்குப் போகவில்லை. ஆண்டாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வீட்டில்தான் இருந்தார். நர்சம்மா இந்தப் பக்கத்து வீட்டில் சொன்னார், அந்தப் பக்கத்து வீட்டிலும் சொன்னார். நடுவில் இருந்த வாசலை, தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார். ஆண்டாள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஆரம்பித்தது இன்றுவரை நிற்கவில்லை. ஆண்டாள் வீட்டுப் பிள்ளைக்குத் தடுப்பூசி என்றால் எங்கள் நிலையத்தில் கூட்டித் துடைக்கும் தையலம்மாளை அனுப்பிக் கூட்டிவரச் சொல்வார். பூசை முடிந்து வந்தால் நேராகக் குவார்ட்டர்ஸ்தான். திங்கட்கிழமை முகத்தைப் பார்த்து எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, நாங்களும் கேலியை விட்டுவிட்டோம். “பேசிப் பாருங்கம்மா” என்று ஒருமுறை சொன்னதற்கு, “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?” என்றார். பிறகு நாங்கள் கேட்கவில்லை. ஆண்டாளும் தேடி வரவில்லை. கோபம் இருக்காதா என்று ஊர் நினைத்தது. நாங்களும் அப்படியே நினைத்தோம்.

இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாரிமுத்து, பிற்பாடு ஒரு நாள் மருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்தவர். அக்கம்பக்கத்தார் மோந்து பார்த்து, குப்புறப் போட்டு, வேன் வரும்வரை மாற்றி மாற்றிக் கையைத் தூக்கினார்கள். பிழைத்து வந்து நர்சம்மா காலில் விழுந்தார். நாங்கள் கைதட்டினோம். நர்சம்மா அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, பின்கட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். அந்த நேரத்தில் அவர் யாரை நினைத்துக்கொண்டிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

நாளைக் காலை அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வில்லியனூருக்குப் போகிறார். தம்பி யாகப்பன் தங்கமான மனுஷன். ஆனால் பேரன் பேத்தி வந்து நிறைந்த வீடு. “ஒரு மூலை ஒழிச்சுக் குடுத்திருக்கான், போதும் எனக்கு” என்கிறார் நர்சம்மா. மூலையில் உட்காரப் பிறந்தவரா அவர்!

நர்சம்மா படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் புகழ்ச்சியை அடித்துவிட்டு, சரி என்று கொடுத்த நகல் இத்துடன் முடிகிறது. இனி வரப்போவது அதில் இல்லை. அதனால் இப்போது நாங்கள் உங்கள் பக்கம் திரும்புகிறோம், அம்மா. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இந்த விழாவுக்கு ஆண்டாளை அழைக்கத் தையலம்மாள் போயிருந்தார். உங்களைக் கேட்காமல் நாங்கள்தான் அனுப்பினோம். ஆண்டாள் வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஊரைவிட்டுப் போகிறீர்கள் என்றதும் கை நின்றுவிட்டதாம். பிறகு கேட்டிருக்கிறார்.

“போறதுக்கு முன்னாடியாவது அக்கா எங்கிட்ட அத சொல்லுமா?”

“எத?”

“மருந்து வுழுங்குனவங்க வாயில ஊதாதன்னு எல்லா வூட்லயும் சொன்னாங்க. என் வூட்ட மட்டும் தாண்டிப் போனாங்க. ஏன்னு எனக்குத் தெரியாதா? நான் ஊதுனதாலதான் அவரு செத்தாரு. சும்மா வுட்டிருந்தா பொழச்சிருப்பாரு. அத என் மூஞ்சிக்கு நேரா சொல்ல அக்காவுக்கு மனசு வரல.”

தையலம்மாள் பதறிப்போய், “அடிப்பாவி, அப்பிடி இல்லடி! நீ ஊதுனதுல அவருக்கு ஒண்ணும் ஆவல. ஊதறவங்களுக்கு ஆபத்துன்னுதான் வேணாம்னு சொன்னாங்க” என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

ஆண்டாள் அவரை நிமிர்ந்து பார்த்தாராம். “நீ என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற. நீ சொன்னா எனக்கு ஆறாது. கத்துக் குடுத்தவங்க சொல்லணும். விழாவுல நாலு பேருக்கு நடுவுல கேக்கற விசயமா இது? நான் அங்க வரல. அக்கா வூட்டுக்கு வரட்டும்.”

தையலம்மாள் திரும்பி வந்து இதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் மருந்தறையில் நின்றிருந்தோம். கம்பவுண்டர் உட்பட ஒருவர் கண்ணும் காயவில்லை. அம்மா, ஆண்டாளைச் சாகக் கிடத்தியது நான்தான் என்று நீங்கள் அந்த வாசலைத் தாண்டிப் போனீர்கள். புருஷனைக் கொன்றது நான்தான் என்று ஆண்டாள் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இத்தனை வருஷம் தனித்தனியாக வெந்திருக்கிறீர்கள். கோபம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படிப்பட்ட மடலை வாழ்த்தோடு முடிப்பதுதான் மரபு. மூப்பிலும் முதுகு வளையாமல், கண்ணில் ஒளியும் காலில் வலுவும் குறையாமல், தம்பி வீட்டில் தலைநிமிர்ந்து, தாங்கள் பெயர் வைத்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் பெயர் வைத்துப் பல்லாண்டு வாழ வேண்டும் என்று ஆண்டவரை வேண்டுகிறோம். முழு மனதோடுதான் வேண்டுகிறோம். ஆனால் அந்த வாழ்த்து பலிக்கும்போது பலிக்கட்டும். அதற்கு முன்னால் இன்று நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

சாமான்களைக் கட்டி வண்டியில் ஏற்ற நாங்கள் இருக்கிறோம். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போங்கள், அம்மா. மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஆண்டாள் அதைக் கேட்கவில்லை. கைவழியும் வாய்வழியும் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஊதியதால் அவர் சாகவில்லை என்று சொல்லுங்கள். அதை உங்கள் வாயால் கேட்பதற்காக ஆண்டாள் வீட்டிலேயே இருக்கிறார்.

இப்படிக்கு,
உங்களோடு வேலை செய்த, இன்று உங்கள் பேச்சைக் கேட்காத,
நிலைய ஊழியர்கள்
பாகூர் கொம்யூன், 1983